ஆளு இருக்கு

காத்திருப்பது எனக்குப் பிறவியிலேயே ஆகாது. உலை கொதிக்க நேரமானால் அடுப்போடு சண்டை போடுவேன். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் நடக்கத் தொடங்கிவிடுவேன். பாதி வழியில் அதே பஸ் என் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும்போது கண்டக்டரைத் திட்டுவேன். இப்படிப்பட்ட நான், மனிதர்கள் காத்திருப்பதைப் பற்றிய ஒரு கணக்கில் ஏழு வருடங்களைச் செலவழித்தேன். அந்தக் கணக்குக்கு வரிசைக் கோட்பாடு என்று பெயர்.

என் அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை. சிலமலையில் எங்கள் குடும்ப வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வாரம் ஒருமுறை காய்கறிப் பையோடு போடிக்கு வருவார். நானும் அம்மாவும் குடியிருந்த வாடகை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் பேச்சே அதுதான்.

"ஏம்மா, வரிசையில நிக்கிறதுக்கா டாக்டர் பட்டம் குடுக்காக? அப்படின்னா ரேசன் கடையில சீமெண்ணெய்க்கு நிக்கிற அம்புட்டுப் பேருக்கும்ல குடுக்கணும்!"

"நிக்கிறதுக்கு இல்லண்ணே. எம்புட்டு நேரம் நிக்கணும்னு முன்கூட்டியே சொல்றதுக்கு."

"அதுக்கு ஏழு வருசமா? கடைக்காரன்ட்ட கேட்டா அவனே சொல்லிருவான், நாளைக்கு வான்னு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கல்யாண வரிசையில் நிற்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் காகிதமும் பேனாவுமாகக் கிடந்த மகளைப் பற்றி ஊருக்குப் பதில் சொல்லிச் சலித்தவள் அவள். சிரித்தாலும் அவள் என் கட்சிதான்.

நான் எடுத்துக்கொண்டது, மொத்தமாக ஏற்றுகிற வரிசை. ரேஷன் கடையில் ஒருவர் வாங்கிப் போன பிறகு அடுத்தவர் வாங்குகிறார். ஆனால் பரிசலும் ஜீப்பும் அப்படி இல்லை. ஒற்றை ஆளுக்காக வண்டி கிளம்பாது. குறைந்தது இத்தனை பேர் சேர வேண்டும். இத்தனை பேருக்கு மேல் ஏறவும் முடியாது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில், முதலில் வந்தவர் எவ்வளவு நேரம் நிற்பார், கடைசியில் வந்தவருக்கு இடம் கிடைக்குமா என்பதற்கெல்லாம் சூத்திரம் கண்டுபிடிப்பது என் வேலை. எழுபதுகளின் நடுவில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குப் பதிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு வருவேன். ஆய்வேட்டைக் கறுப்பு அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்பு அச்சடித்துக் கொடுத்தபோது எண்பதுகள் பிறந்துவிட்டன.

அது மூன்று தேர்வாளர்களுக்குப் போனது. இரண்டு பேர் சரி என்று எழுதினார்கள். மூன்றாமவர் ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். கணிதம் நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் இந்த வரிசை உலகத்தில் எந்த இடத்தில் நிற்கிறது?

"ஆறு மாதத்துக்குள் இதற்கு ஓர் அத்தியாயம் எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும் அம்மா. இல்லாவிட்டால் பட்டம் கிடையாது," என்றார் வழிகாட்டி. அவர் சாதுவான மனிதர். எனக்கும் சேர்த்து அவரே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வருத்தம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏழு வருடம் கணக்குப் போட்டவளிடம் வந்து இது எங்கே நிற்கிறது என்று ஒருவர் கேட்கிறாரே என்று, திரும்பி வரும் பஸ்சில் தேனி வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தேன். தேனியைத் தாண்டிய பிறகு, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை என்பது உறைத்தது. என் வரிசை காகிதத்தில்தான் நின்றது. ஒரு படத்தில்கூட ஒரு மனிதர் கிடையாது, வெறும் எழுத்துகளும் அம்புக்குறிகளும்தான்.

மறுநாள் விடியற்காலை ஜீப்பு ஹாரன் சத்தம் என்னை எழுப்பியது. அந்தச் சத்தம் தினமும் எழுப்புவதுதான். தினமும் திட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பதும் வழக்கம்தான். அன்று எழுந்து உட்கார்ந்தேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மலையடிவாரத்து முந்தலுக்குப் போகிற சாலையில், மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். ஆள் சேராமல் வண்டி எடுக்கமாட்டார்கள். சேர்ந்துவிட்டால், மலையாளத் தோட்டங்களுக்குப் போய்வந்து பழகிய டிரைவர்கள், போதும் என்பதற்கு "மதி, மதி, எடமில்ல" என்று கதவைச் சாத்துவார்கள். என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருந்த விதி எழுத்துப் பிசகாமல் அங்கே நடந்துகொண்டிருந்தது. போர்வைக்குள்ளிருந்தே அம்மாவைக் கூப்பிட்டு, "ஆத்தா, கெடச்சிருச்சு!" என்று கத்தினேன்.

ஏலக்காய்ப் பறிப்புக் காலம் அது. மலையில் சாரல் விட்டபாடில்லை. குடையும் நோட்டும் கைக்கடிகாரமுமாக டீக்கடைப் பெஞ்சில் இடம் பிடித்தேன். நாலரை மணிக்கு உட்கார்ந்தால் ஆறரை வரை. யார் எப்போது வருகிறார்கள், ஜீப்பு எப்போது கிளம்புகிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், எல்லாவற்றையும் எழுதினேன். அந்தப் பெண்களில் பலருடைய வீட்டுப் பிள்ளைகள் எங்கள் கல்லூரியில் படித்தார்கள். அதனால் மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

ஒன்றரை மாதம் எழுதிய பிறகு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. சூத்திரப்படி நிறைந்து கிளம்ப வேண்டிய ஜீப்பு இரண்டு இடம் காலியாகக் கிளம்பியிருந்தது. பக்கத்திலேயே ஆட்கள் நின்றுகொண்டிருந்தும் ஏறவில்லை. இன்னொரு நாள், வரிசையில் ஐந்து பேர்தான் என்று எழுதியிருந்தேன், ஏறியது பதினான்கு பேர். மிச்ச ஒன்பது பேர் எங்கேயிருந்து முளைத்தார்கள்? தூக்கக் கலக்கத்தில் நான்தான் தப்பாக எண்ணுகிறேன் என்று நினைத்து, டீயை இரண்டாக்கினேன். அதற்கும் பலன் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு மாதம் கரைந்துவிட்டது.

பொறுமை இல்லாதவளுக்குப் புத்தியும் கொஞ்சம் குறைவாகத்தான் வேலை செய்யும். தப்பு என் கணக்கில் இல்லை, இவர்கள் நிற்கிற ஒழுங்கில்தான் என்று முடிவு கட்டினேன். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, ஒன்று முதல் நூறு வரை எண் எழுதினேன். மறுநாள் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய், சாலையோரம் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். அந்த இடத்தில் வழக்கம்போல் முப்பது நாற்பது தூக்குவாளிகள் கிடந்தன. பெண்கள் மதியச் சோறு கொண்டுபோகும் வாளிகள்தான். வரிசைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று அவற்றையெல்லாம் எடுத்து டீக்கடைச் சுவரோரமாக வைத்தேன். அப்போது அங்கே நின்ற நாலைந்து பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் செய்கிறாரே என்று வாயைத் திறக்கவில்லை.

"வர்ற வரிசைப்படி ஆளுக்கு ஒரு அட்டை வாங்கிக்கங்க. நம்பர் பிரகாரம் ஏறுங்க. யாருக்கும் சண்டையில்ல," என்றேன்.

சண்டை இல்லைதான். ரகளைதான் நடந்தது. ஒரே தெருப் பெண்கள் மூன்று ஜீப்பில் பிரிந்து ஏறினார்கள். ஒவ்வொரு ஜீப்பும் ஒவ்வொரு தோட்டத்துக்குப் போவது. "யம்மா, நீங்க ஏன் இதுல ஏறுறீக, இது பூப்பாறைக்குல்ல போகுது," என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசி ஜீப்பு கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறாள். அவளிடம் எழுபத்தொன்பதாம் எண் அட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்காமல் சுண்ணாம்புக் கோட்டின் முன்பக்கத்தில் எதையோ தேடினாள். பிறகு சுவரோரம் போய், அங்கே இருந்த வாளிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். சாலையில் ஜீப்பு எதுவும் இல்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள்.

எதுவோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பொழுது இருக்கும்போதே வாசலில் ஒரு குரல் கேட்டது. "டீச்சர் இருக்காகளா?" வந்தவளை எனக்கு முகம் தெரியும். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், பத்துப் பேர் கொண்ட ஒரு செட்டை மலைக்குக் கூட்டிப்போகிறவள். செட்டுக்காரி என்றுதான் எல்லாரும் அவளைச் சொல்வார்கள். அம்மா உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை.

"டீச்சர், காலையில அந்த வாளிய எல்லாம் எடுத்து ஓரமா வச்சது நீங்கதானே?"

"நான்தான். வழியில கெடந்துச்சு, அதான்."

"அது கெடக்கல டீச்சர். நின்னுச்சு."

நான் விழித்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த கோபம் போல.

"எங்க தெருவுல ஒருத்தி முந்திக் கெளம்பி, எல்லாரு வீட்டு வாளியையும் கூடையில அடுக்கிக் கொண்டாந்து வரிசையில வச்சிருவா. ஒரு நாளைக்கு ஒருத்தி மொறை. மத்தவுக சோலியப் பாத்துட்டுப் பையத்தான் வருவாக. வாளி நின்னா ஆளு நின்ன மாதிரி. பச்சப் பிள்ளக்காரி, அவ கடைசியாத்தான் வர முடியும். அவ வாளி நாலரைக்கே நின்னுச்சு. நீங்க தூக்கிக் கடாசிட்டீக. இன்னைக்கு அவ மலைக்கு வரல. எங்க செட்டு மூணாப் பிரிஞ்சு போயி, கங்காணி பாதிப் பேரத் திருப்பி அனுப்பிட்டான்."

"எனக்குத் தெரியாதும்மா..."

"என்னத்தத் தெரியாது? நீங்க இந்த ஊருதானே? பஸ்சுல சன்னல் வழியாத் துண்டப் போட்டு, ஆளு இருக்குன்னு சொன்னதே இல்லையா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சொல்லாத வாரம் உண்டா? ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுரை பஸ்சில் பையைச் சீட்டில் வைத்துவிட்டு, உட்கார வருகிறவரிடம் "ஆளு இருக்கு" என்று கறாராகச் சொல்லிவிட்டு, கீழே இறங்கிப் போய் டீ குடிக்கிறவள் நான். இல்லாத ஆளை இருக்கு என்று சொல்லி, அதை எதிராளியும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும் ஊரில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் சங்கதி நோட்டையும் கடிகாரத்தையும் எடுத்தவுடன் எனக்கு மறந்துபோனது. தலைகளை எண்ணினேன். எதிரே வரிசையாக நின்ற ஆட்களை லக்கேஜ் என்று நினைத்துச் சுவரோரம் தூக்கி வைத்தேன். படித்த படிப்பு அத்தனையும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருந்தது. அவமானமாக இருந்தது.

"தப்புத்தான் தாயி. நாளைக்கு அந்தப் பிள்ளைகிட்ட நானே வந்து சொல்றேன்," என்றேன். செட்டுக்காரி அப்புறம்தான் உட்கார்ந்தாள். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "எதுக்கு டீச்சர் எங்கள எண்ணிக்கிட்டே இருக்கீக?" என்று முதல்முறையாகக் கேட்டாள். ஆறு மாதம், மூன்றாம் தேர்வாளர், அந்த ஒற்றைக் கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிசயப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். "எங்க நிக்குதுன்னா கேட்டாரு? நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க."

மறுநாள் பச்சைப் பிள்ளைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப்போய்விட்டாள். "அதுக்கென்ன டீச்சர், நேத்துப் பூராம் பாப்பாகூடவே இருந்தேன்ல," என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழைய நோட்டை அப்படியே பரணில் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இப்போது கண் திறந்துவிட்டது. ஒரு செட்டு வாளிகளின் கைப்பிடியில் எல்லாம் ஒரே சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். பச்சை ஒரு செட்டு, மஞ்சள் ஒரு செட்டு. வாளிக்கும் சட்டம் இருந்தது. செட்டுக்கு ஒருத்தியாவது உடம்போடு நிற்க வேண்டும். ஜீப்பு இரண்டாவது ஹாரன் அடித்த பிறகும் ஆள் வராத வாளி வரிசையை விட்டு விலக வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத இந்த விதிகளை யாரும் மீறி நான் பார்க்கவில்லை. வாளியை ஆளாக எண்ணி, வருகிறவர்களைத் தனித்தனியாக இல்லாமல் செட்டு செட்டாக எழுதியதும், முரண்டு பிடித்த எண்கள் ஒவ்வொன்றாக என் வழிக்கு வந்தன. சூத்திரத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அது பெரிய சந்தோஷம். வீட்டுத் தரையில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்துகொண்டு, பத்து நாள் பித்துப் பிடித்தவள் போல் இருந்தேன்.

கணக்கு ஒட்டியதும் இன்னொன்றும் தெரிந்தது. ஜீப்பு எடுக்கப் பதினான்கு பேராவது வேண்டும், பதினாறு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். பத்துப் பேர் செட்டு ஏறிவிட்டால் இன்னும் நாலு பேர் தேவை. அடுத்து நிற்பது எட்டுப் பேர் செட்டு. அவர்கள் பிரிய மாட்டார்கள். ஆகவே இரண்டு செட்டும் நின்றுகொண்டே இருக்கும். அதே நேரத்தில் செட்டில் சேராத, எந்தத் தோட்டத்துக்கும் போகத் தயாரான உதிரிப் பெண்கள் அங்கங்கே ஒதுங்கி நிற்பார்கள். அவர்களுக்கு எந்த வரிசையிலும் இடம் இல்லை. எல்லாரும் ஏறி மிச்சம் இருந்தால்தான் அவர்களுக்கு.

டீக்கடைச் சுவரோரம், எந்த இடத்தில் நான் வாளிகளைத் தள்ளி வைத்தேனோ அதே இடத்தில், உதிரிகளுக்கு என்று தனி வரிசை வைக்கலாமே என்று செட்டுக்காரியிடம் சொன்னேன். எந்த ஜீப்பில் எத்தனை குறைகிறதோ, அதை அந்த வரிசையின் முன்னாலிருந்து நிரப்ப வேண்டும். இந்த முறை கட்டளையாகச் சொல்லவில்லை, கேட்டேன். அவள் மற்றச் செட்டுக்காரிகளிடம் பேசினாள். டிரைவர்களில் மூத்தவர் யோசித்துப் பார்த்து, "நமக்கென்ன டீச்சர், வெரசா லோடு ஏறுனாச் சரிதான்," என்றார்.

முதல் நாலு நாள் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. மலை உச்சியில் விழுந்த வெயில் இறங்கி ஊருக்குள் வருவதற்குள் கடைசி ஜீப்பும் முந்தலைத் தாண்டியது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது வேறு. எந்தச் செட்டு எப்போது கிளம்பும் என்று முதல் நாளே ஏறக்குறையச் சொல்ல முடிந்தது. சாயங்காலம் செட்டுக்காரி எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்பாள், நான் நோட்டைப் பார்த்துச் சொல்வேன். "நாளைக்கு அஞ்சே முக்காலுக்கு வந்தாப் போதும்டி, பிள்ளைக்கு வயிறு நெறயக் குடுத்துட்டு வா," என்று அவள் தெருவில் போய்ச் சொல்வாள். அண்ணன் ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அட, நெசமாவே எம்புட்டு நேரம் நிக்கணும்னு சொல்லுதே!" என்றார். அப்புறம் ரேஷன் கடைப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது புதிய அத்தியாயத்தை அனுப்பினேன். பதில் வந்தது. மூன்றாம் தேர்வாளரே வாய்மொழித் தேர்வுக்கு நேரில் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

அந்தத் தேர்வில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. வழக்கமாக யாரும் வருவதில்லை. டீக்கும் பிஸ்கட்டுக்குமாக ஆராய்ச்சி மாணவர்கள் நாலு பேர் வருவார்கள். பங்குனி மாதம், மலையில் காய் ஓய்ந்துவிட்டது. செட்டுக்காரியிடம் பேச்சுவாக்கில் தேதியைச் சொல்லியிருந்தேன். முதல் நாளே மதுரைக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கினேன்.

காலையில் அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முன்வரிசையில் பத்து நாற்காலிகள். முதல் நாற்காலியில் செட்டுக்காரி தன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். மிச்ச ஒன்பது நாற்காலிகளிலும் பச்சைக் கரை கட்டிய ஒன்பது தூக்குவாளிகள்.

"மொத பஸ்சுல எனக்குத்தான் எடம் கெடச்சுச்சு. அவளுகள ரயிலுக்குப் போகச் சொல்லிட்டேன். வந்துருவாளுக," என்றாள்.

அப்போது மூன்றாம் தேர்வாளர் உள்ளே வந்தார். ஒல்லியான உயரமான மனிதர், கையில் தோல் பை. பையை வைக்க ஒரு வாளியை நகர்த்தக் கை நீட்டினார்.

"அய்யா, அங்க ஆளு இருக்கு."

"எங்கேம்மா? யாரையும் காணோமே."

"வாளி இருக்குல்ல அய்யா."

அவர் குனிந்து வாளியைப் பார்த்தார். செட்டுக்காரியைப் பார்த்தார். பிறகு பையோடு மேசைக்குப் போய்விட்டார்.

நாற்பது நிமிடம் கரும்பலகையில் எழுதினேன். நடுவில் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"சூத்திரங்கள் சரிதான். ஆனால் எல்லாமே வாளியை ஆளாக எண்ணுவதில் நிற்கிறது. வாளிக்கு உரியவர் வராமலே போனால்? வராத ஆளை வரிசையில் எப்படி எண்ணுவீர்கள்?"

"நான் பார்த்தவரைக்கும் வராமல் இருந்ததில்லை ஐயா. அட்டவணை இருக்கிறது."

"நீங்கள் பார்த்தவரைக்கும்," என்றார். ஏளனமாக இல்லை, நியாயமாகத்தான் சொன்னார். "ஆனால் எனக்கு இப்போது அங்கே ஒருவர்தான் தெரிகிறார். நீங்கள் எத்தனை பேர் என்பீர்கள்?"

வழிகாட்டி தரையைப் பார்த்தார். போடி ரயில் எந்தக் காலத்தில் நேரத்துக்கு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏழு வருடமும் அந்த ஒன்பது வாளிகளில் இருந்தது.

"பத்துப் பேர் ஐயா," என்றேன். "ஆளு இருக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காத்திருப்பது எனக்கு ஆகாது என்று சொன்னேன் அல்லவா? அந்த ஐந்து நிமிடம் காத்திருந்ததைப் போல் நான் எதற்கும் காத்திருந்ததில்லை. செட்டுக்காரி மட்டும் கொஞ்சமும் அசையவில்லை. யாரோ தேர்வாளருக்குக் கொண்டுவந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

தாழ்வாரத்தில் வளையல் சத்தம் கேட்டது. "எந்த ரூமுடி?" "சத்தம் போடாத, உள்ள பரிச்ச நடக்குது." கதவு திறந்தது. ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. அவரவர் வாளியை அடையாளம் கண்டு, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்தாயிற்று. ஒரு வாளி மட்டும் மிச்சம். கதவு மறுபடியும் திறந்தது. பச்சைப் பிள்ளைக்காரி, இடுப்பில் நன்றாக வளர்ந்துவிட்ட பிள்ளையோடு வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரயிலு லேட்டு," என்று செட்டுக்காரி பொதுவாகச் சொன்னாள்.

தேர்வாளர் விரலால் ஒவ்வொருவராக எண்ணினார். பத்து வந்ததும் பேனாவை எடுத்து, என் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். "வேறு கேள்வி இல்லை," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"டாக்டர் ஆயாச்சுல்ல, இனிமே எங்களுக்கு ஊசி போடுவீகளா?" என்று கேட்டுக்கொண்டே பிஸ்கட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். எனக்கு அலுவலக வேலை பாக்கி இருந்ததால் மறுநாள்தான் ஊர் திரும்ப முடியும். அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். போடி பஸ் வந்து நிற்பதற்குள் கூட்டம் மொய்த்துவிட்டது. செட்டுக்காரி கண்மூடித் திறப்பதற்குள் சன்னல் சன்னலாக வாளிகளை உள்ளே போட்டாள். ஒன்பது இடம் ஆயிற்று. பத்தாவது வாளி பச்சைப் பிள்ளைக்காரியின் கையில் திறந்திருந்தது. அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சன்னலோரச் சீட்டு காலியாக இருந்தது. உள்ளே ஒரு மனிதர் அதை நோக்கி வந்துகொண்டிருந்தார். என் கையில் துண்டும் இல்லை, பையும் இல்லை. இருந்தது கறுப்பு அட்டை போட்ட ஆய்வேடு மட்டும்தான். எக்கி, சன்னல் வழியாக அதைச் சீட்டின் மேல் போட்டேன்.

"அண்ணே, அங்க ஆளு இருக்கு!"

அவர் அந்தத் தடிப் புத்தகத்தையும் வெளியே நின்ற என்னையும் பார்த்தார். மறுபேச்சில்லாமல் பின்னால் நகர்ந்துவிட்டார். பச்சைப் பிள்ளைக்காரி பிள்ளையோடு நெருக்கித் தள்ளி ஏறி வந்து உட்கார்ந்தாள். வண்டி உறுமியது. அவள் ஆய்வேட்டின் அட்டையை முந்தானையால் துடைத்து, சன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க டீச்சர், ஒங்க வாளி."